அப்பாவின் வீட்டில் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். ஜெபிக்கிறவள் என்ன செய்வது?

தோட்டத்து மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். முதலில் பால் வெட்டியும், ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டியும் உழைத்த என் அப்பா, ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வரிசை வீட்டை வாங்கினார். வீட்டு கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், அவர் ஒருவர் பெயரில் மட்டுமே உள்ளது. அது போக, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத்துக் காலத்தில் சேர்த்த சில பங்குகளும் அவர் பெயரில் இருக்கின்றன. உயில் எழுதாமலேயே அவர் இவ்வாண்டு காலமாகிவிட்டார். அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளைகள் நாங்கள் மூவர்: அண்ணன், நான், தம்பி.

தாதியாகப் பயிற்சி பெற்ற காலத்தில் நான் இயேசு கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் பெற்றேன். அப்பா முதலில் மிகவும் வருந்தினாலும், பின்னர் என்னோடு பேசவும் என் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சவும் தொடங்கினார்; அண்ணன் மட்டும் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அப்பா இறந்த அன்று நான் வாய்க்கரிசி போட மறுத்ததால், உறவினர்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க, "நீ இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை" என்று சொல்லி அண்ணன் என்னை வெளியே நிற்கச் சொன்னார். பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு எனக்கு அழைப்பே வரவில்லை. அது முடிந்த மறு வாரம், தட்டச்சு செய்யப்பட்ட ஒரு தாளைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். குலதெய்வத்தை விட்டு வேறு மதத்துக்குப் போனவளுக்குக் குடும்பச் சொத்தில் உரிமை கிடையாது என்பதை நானே ஒப்புக்கொண்டு, என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருக்கிறது.

என் கணவர் கையெழுத்துப் போடக் கூடாது என்கிறார். எங்கள் சபையில் ஒருவர், உலகப் பொருளுக்காகச் சண்டையிடாமல் கர்த்தருடைய கையில் விட்டுவிடுங்கள் என்கிறார். நான் ஒவ்வொரு நாளும் முழங்காலில் நிற்கிறேன். ஆனால் எதைக் கேட்டு ஜெபிப்பது என்பதே எனக்குத் தெளிவாகவில்லை. அண்ணன் மனம் மாறவேண்டும் என்று கேட்பதா, எனக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்று கேட்பதா, அல்லது இந்த வீட்டின் நினைவே என் மனத்திலிருந்து போய்விடவேண்டும் என்று கேட்பதா? சட்டம் தெரிந்தவர்களும் விசுவாசத்தில் மூத்தவர்களும் வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

மகளே, நான் இந்து. தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தவன். இறந்துபோன தொழிலாளர்களின் குடும்பங்களுக்காகப் பல புசாக்கா (இறந்தவர் சொத்துப் பங்கீட்டு) விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: அந்தத் தாளில் எழுதியிருக்கும் காரணம் சட்டத்தில் இல்லை. தீபகற்ப மலேசியாவில், முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்து 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தின்படியே பிரிக்கப்படும். அந்தச் சட்டம் பிள்ளை எந்தக் கோவிலுக்குப் போகிறது என்று கேட்பதில்லை. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இடையே, மணமானவளுக்கும் ஆகாதவளுக்கும் இடையே அது வேறுபாடு காட்டுவதும் இல்லை.

இந்தத் தவறான எண்ணம் நம் மக்களிடையே எப்படிப் பரவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி இறந்தால் அவருடைய சொத்துக்கு வேறு சட்டம் பொருந்தும் என்பதும், முஸ்லிம் அல்லாத குடும்பத்தினர் அதில் வாரிசாக முடியாமல் போவதும் நம் பட்டணங்களில் பலருக்குத் தெரியும். அதைக் கேள்விப்பட்டவர்கள், எந்த மதத்துக்கு மாறினாலும் உரிமை போய்விடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் இந்தியாவில் அப்படித்தான் வழக்கம் என்பார்கள். அங்கேயும் மதத்தை விட்டவர் சொத்துரிமையை இழப்பார் என்ற பழைய விதியை 1850ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கிவிட்டது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் உள்ள தடையும், மதம் மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியதே தவிர, மாறியவரைப் பற்றியது அன்று. எப்படியானாலும் சுங்கை சிப்புட்டில் இருக்கும் வீட்டுக்கு இந்தியச் சட்டம் வராது.

உயில் இல்லாமல் இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். உங்கள் குடும்பத்தில் அம்மாவுக்கு ஒன்பதில் மூன்று, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்பதில் இரண்டு. ஆனால் இந்தக் கணக்கை முடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கவேண்டும். உங்கள் அப்பாவைப் பெற்றவர்களில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?

சபை மூப்பர் எழுதியது:

சகோதரிக்குக் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஐயா தெளிவாக எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கும் எல்லாவற்றையும் விசுவாசி எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கடிந்துகொண்டு, அதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்று கேட்கிறார். ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் வாக்குவாதம் வந்தபோது, மூத்தவனாகிய ஆபிரகாம் தன் உரிமையைப் பேசாமல், நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன் என்று சகோதரன் மகனுக்கு விட்டுக்கொடுத்தான். ஒரு வீட்டின் ஒன்பதில் இரண்டு பங்கை இழந்து ஒரு அண்ணனுடைய ஆத்துமாவை ஆதாயப்படுத்த முடியுமானால், அது நஷ்டமாகாது என்பது என் தாழ்மையான கருத்து.

தெலுக் இந்தான் வாசகி எழுதியது:

மூப்பர் ஐயா மீது மரியாதை வைத்தே மாறுபடுகிறேன். பவுல் கடிந்துகொண்டது, சபைக்குள் இருக்கும் இரு விசுவாசிகள் ஒருவரை ஒருவர் ஏமாற்றி நீதிமன்றத்துக்கு இழுத்ததை. இங்கே யாரும் யார் மீதும் வழக்குப் போடவில்லை. இறந்தவருடைய சொத்தைப் பெயர் மாற்றுவதற்கு எல்லாக் குடும்பங்களும் போக வேண்டிய விசாரணைக்கு இந்தச் சகோதரியும் போகப்போகிறார். அங்கே உண்மையைச் சொல்வதும் வழக்காடுவதும் ஒன்றல்ல. ஆபிரகாமை எடுத்துக்கொண்டாலும், அவன் விட்டுக்கொடுத்தபோது ஆபிரகாமுக்கு அந்த நிலத்தில் தெரிவு செய்யும் உரிமை உண்டு என்பதை லோத்தும் அறிந்திருந்தான். உனக்கு உரிமையே இல்லை என்று எழுதிய தாளில் ஆபிரகாமிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

வேதத்திலேயே தகப்பனுடைய சொத்தைக் கேட்ட பெண்களின் வழக்கு ஒன்று இருக்கிறது. எண்ணாகமம் இருபத்தேழாம் அதிகாரத்தில், செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக, ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் நின்று, எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததினால் அவருடைய பேர் வம்சத்தில் அற்றுப்போவானேன், எங்களுக்கும் காணியாட்சி கொடுக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே அவர்களைப் பேராசைக்காரிகள் என்று அனுப்பிவிடவில்லை. அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோகிறான்; அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொல்கிறார். சொத்தைக் கேட்பது என்றாலே விசுவாசக் குறைவு என்று பெண்களுக்கு மட்டும் போதிக்கும் பழக்கம் நம் சபைகளிலும் இருக்கிறது என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன். ஆண் பிள்ளைகள் பங்கு கேட்கும்போது இந்த வசனங்களை யாரும் எடுத்து வாசிப்பதை நான் கேட்டதில்லை.

சகோதரி, அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்திட்டால் ஒரு வீட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை; கிறிஸ்துவை ஏற்றதனால் நீங்கள் அப்பாவுக்கு மகள் அல்லாமல் போய்விட்டீர்கள் என்ற பொய்யையும் உங்கள் கையாலேயே உண்மை என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். பங்கை விட்டுக்கொடுக்க நினைத்தால் அதை வேறு விதமாகவும் செய்யலாம்.

ஒரு அண்ணன் எழுதியது:

நான் கிறிஸ்தவன் அல்லன். என் தங்கையும் மதம் மாறியவள்தான். எல்லோரும் இந்தச் சகோதரியின் பக்கமே எழுதுவதால், வீட்டில் இருந்து பார்த்துக்கொண்ட மூத்த பிள்ளையின் மனத்தையும் யாராவது எழுதவேண்டும் என்று எண்ணுகிறேன்.

எங்கள் வீடுகளில் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பவன், அவர் கொண்டுவந்த கடனையும் கும்பிட்ட சாமியையும் சேர்த்தே தோளில் ஏற்றிக்கொள்கிறான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் குடும்பத்து உபயம் என்று ஒரு நாள் உண்டு. அதை நடத்துவது மூத்தவனின் பொறுப்பு. மருத்துவமனைக்கு நள்ளிரவில் வண்டி ஓட்டியதும், மருந்துக்கும் ஈமச்சடங்குக்கும் செலவழித்ததும் பெரும்பாலும் அவனாகவே இருப்பான். அப்படிப்பட்டவன், கூடப் பிறந்தவள் தகப்பனுக்கு ஒரு பிடி அரிசி போட மறுப்பதை ஊர் பார்க்க நேரும்போது, அதைக் கொள்கை வேறுபாடு என்று எடுத்துக்கொள்ள மாட்டான். அப்பாவையே மறுத்துவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொள்வான். என் தங்கை விஷயத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை வெளிப்படையாகச் சொல்வதால் யாரும் கோபப்படக் கூடாது. தங்கையின் பங்கு கடைசியில் சபைக்குப் போய்விடும் என்ற பயம் எங்களுக்கு உண்டு. அப்பா வியர்வை சிந்தி வாங்கிய வீட்டின் ஒரு பகுதி, அவர் ஒரு நாளும் கால் வைக்காத ஒரு கட்டடத்தின் நிதியில் சேர்ந்துவிடுமோ என்று பல அண்ணன்மார் நினைக்கிறார்கள். அந்தத் தாளில் எழுதியது தவறு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அது பேராசையால் மட்டும் எழுதப்பட்டதாக இருக்கவேண்டியதில்லை.

தோட்டத்து மகள் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. அண்ணன் நிலையில் இருந்து எழுதியவருக்குச் சிறப்பாக நன்றி சொல்கிறேன். என் அண்ணன் என்னிடம் பேசியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. மருத்துவச் செலவைப் பெரும்பாலும் அவர்தான் ஏற்றார் என்பதும் உண்மை.

கிராணி ஐயா கேட்டதற்கு விடை: ஆம், அப்பாவைப் பெற்ற அப்பாயி உயிரோடு இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர்; சித்தப்பா வீட்டில் இருக்கிறார். ஐயாவின் கேள்வியைப் படிக்கும் வரை எங்களில் ஒருவர்கூட அப்பாயியை இந்தப் பேச்சில் சேர்த்ததில்லை.

வாய்க்கரிசியைப் பற்றியும் ஒரு விளக்கம் தரவேண்டும். நான் அரிசியை மட்டுமே மறுத்தேன். அப்பாவின் உடலை விட்டு நகரவில்லை. படுக்கையில் இருந்த நாள்களில் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டவளும், புண்ணுக்கு மருந்து கட்டியவளும் நான்தான். தாதி என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது, நானும் அதை விரும்பியே செய்தேன். அன்றைக்கு அவருடைய காலைத் தொட்டு அழவேண்டும் என்றுதான் நின்றிருந்தேன்.

சபை நிதியைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்தபோது என் மனம் கலங்கியது. ஏனென்றால், பங்கு கிடைத்தால் அதில் ஒரு பகுதியைக் கட்டட நிதிக்குப் பொருத்தனையாக, அதாவது நேர்ந்துகொண்ட காணிக்கையாகச் செலுத்தலாம் என்று எங்கள் சபையில் ஒருவர் உண்மையாகவே என்னிடம் சொல்லியிருந்தார். அவர் நல்ல எண்ணத்துடன் சொன்னார் என்றே நம்புகிறேன்.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

அப்பாயி இருப்பதனால் கணக்கு முழுவதும் மாறுகிறது. 1997ஆம் ஆண்டில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, இறந்தவருக்கு மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகிய மூவகையினரும் இருந்தால், மனைவிக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்கு மொத்தமாகப் பாதி என்று பிரியும். பெற்றோரில் ஒருவர் மட்டும் இருந்தால் அந்த நான்கில் ஒரு பங்கு முழுவதும் அவருக்கே போகும். ஆகவே அம்மாவுக்கு நான்கில் ஒன்று; அப்பாயிக்கு நான்கில் ஒன்று; பிள்ளைகள் மூவருக்கும் தலைக்கு ஆறில் ஒன்று. இந்தத் திருத்தத்துக்கு முன், பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்குப் பங்கு கிடையாது. நம் பெரியவர்கள் பலர் இன்னமும் அந்தப் பழைய கணக்கையே நினைவில் வைத்திருப்பதால், மகனை இழந்த கிழவியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்பா வாய்மொழியாக வீடு மூத்தவனுக்கு என்று சொன்னார் என உங்கள் அண்ணன் கூறக்கூடும். 1959ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி உயில் எழுத்தில் இருக்கவேண்டும். எழுதியவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்கவேண்டும். பேச்சுவாக்கில் சொன்னது உயிலாகாது. அதே வேளையில் அண்ணனுக்கு நியாயமாகச் சேரவேண்டியதும் ஒன்று உண்டு. ஈமச்சடங்குச் செலவும் இறந்தவர் வைத்த கடனும் பங்கு பிரிக்கும் முன் சொத்திலிருந்து கழிக்கப்படவேண்டும். அவர் கைக்காசு போட்டுச் செலவழித்திருந்தால் இரசீதுகளோடு அதைச் சொல்லலாம். நீங்களே முன்வந்து அதைக் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

சேமநிதியில் மீதித் தொகை இருந்தால் அது தனி. முஸ்லிம் அல்லாதவர் தம் சேமநிதிக்கு யாரை வாரிசாகப் பெயர் குறித்திருக்கிறாரோ அவருக்கே அந்தப் பணம் சொந்தமாகும். அதை இந்தப் பங்கீட்டுடன் கலக்க முடியாது. கூட்டுறவுப் பங்குகளுக்கும் பெயர் குறிப்பிட்டிருக்கிறாரா என்று சங்க அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய அந்தச் சங்கத்துக்குத் தோட்டத்து மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை கட்டிப் பங்கு சேர்த்தார்கள். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களை வாங்கி நம் மக்களைத் தெருவில் நிற்காமல் காத்த காசு அது. ஆகவே சிறு தொகை என்று விட்டுவிடாதீர்கள்.

வீடு இருப்பதாலும் உயில் இல்லாததாலும், சொத்தின் மொத்த மதிப்பு ஐம்பது லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாமல் இருந்தால், உயர்நீதிமன்றத்துக்குப் போகாமல் 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் புசாக்கா பிரிவிலேயே முடித்துக்கொள்ளலாம். முன்பு இருபது லட்சமாக இருந்த அந்த வரம்பு 2024 ஜூலை முதல் உயர்த்தப்பட்டிருக்கிறது. வாரிசுகளில் எவரும் பாரம் ஏ என்ற படிவத்தை நிரப்பி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் எல்லா வாரிசுகளின் பெயரும் எழுதப்படவேண்டும். எல்லோரும் விசாரணைக்கு அழைக்கப்படுவார்கள். யாராவது தம் பங்கை இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுக்க விரும்பினால், அதை அதிகாரி முன்னிலையில் தம் வாயால் சொல்லிப் பதியவைக்கலாம். வீட்டில் வைத்துக் கையெழுத்து வாங்கும் தாளுக்கு இதில் தேவையே இல்லை.

லுத்தரன் சபையினன் எழுதியது:

சட்டம் தெளிவாகிவிட்டதனால், சகோதரி முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதைக் கேட்டு ஜெபிப்பது என்று அவர் கேட்டார்.

லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒருவன் இயேசுவிடம் வந்து, ஆஸ்தியைத் தன்னோடு பாகம் பிரித்துக்கொள்ளும்படி தன் சகோதரனுக்குக் கட்டளையிடவேண்டும் என்று கேட்கிறான். என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார் என்று இயேசு கேட்டு, பொருளாசையைக் குறித்து எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை பங்கு கேட்டவனுக்கும் பங்கு கொடுக்க மறுத்தவனுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. அங்கே நின்ற ஜனங்கள் எல்லோருக்கும் அது சொல்லப்பட்டது. ஆறில் ஒன்றா ஒன்பதில் இரண்டா என்பதை ஜெபத்தில் கேட்டுப் பெறவேண்டியதில்லை. அதற்கு அதிகாரி இருக்கிறார். ஜெபத்தில் கேட்கவேண்டியது, அந்த அதிகாரி முன் அண்ணனுக்கு எதிரே உட்காரும்போது அவரைப் பகைக்காமல் இருக்கும் மனத்தை.

ஆனால் அதே லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் இன்னொரு பெண் வருகிறாள். தேவனுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதிக்காத நியாயாதிபதியிடம் ஒரு விதவை அடிக்கடி போய், என் எதிராளிக்கும் எனக்கும் உள்ள காரியத்தில் எனக்கு நியாயம் செய்யும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன உவமை இது. ஜெபத்துக்கு மாதிரியாக அவர் காட்டியவள், உரிமைக்காக நியாயாதிபதியின் வாசலுக்கு நடந்த விதவை. அதனால் நியாயம் கேட்டு ஜெபிப்பதும், நியாயம் கேட்டு அலுவலகத்துக்குப் போவதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று நான் எண்ணவில்லை.

துக்கத்தையும் மறைக்காமல் ஜெபியுங்கள். என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியானால் சகிப்பேன் என்று தொடங்கும் ஐம்பத்தைந்தாம் சங்கீதப் பகுதி, சொந்தக்காரனால் தள்ளப்பட்டவன் வாயில் வைப்பதற்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கும். இருபத்தேழாம் சங்கீதத்தில், "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்று வருகிறது. உங்கள் தகப்பன் உங்களைக் கைவிடவில்லை என்பதை, நீங்கள் எழுதியதிலிருந்தே நாங்கள் அறிகிறோம். அதற்காக நன்றி செலுத்துங்கள்.

நடைமுறையில் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். இந்தக் காரியத்தை வீட்டுக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகப் பெயர் சொல்லிக் கொடுக்காதீர்கள். தோட்டத்துப் பட்டணங்களில் ஒரு கூட்டத்தில் கண்ணீரோடு சொன்னது மறுநாள் காலைச் சந்தைக்கு வந்துவிடும். அண்ணனுடைய பெயர் ஊர் வாயில் விழுந்தால், அவர் திரும்பி வருவதற்கான வழியும் அடைபடும். நம்பிக்கைக்குரிய இருவரோடு மட்டும் ஜெபியுங்கள்.

கட்டட நிதியைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. மாற்கு ஏழாம் அதிகாரத்தில், தாய் தகப்பனுக்கு உதவவேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவைத்துப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அம்மா அந்த வீட்டில் குடியிருக்கும்போது, அதன் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கேட்பது சரியான ஆலோசனை அன்று. கேட்டவர் யாராக இருந்தாலும், அன்போடு மறுத்துவிடுங்கள்.

சபை மூப்பர் எழுதியது:

கட்டட நிதியைக் குறித்துச் சகோதரர் எழுதியதை முழு மனத்தோடு ஆமோதிக்கிறேன். பிறமதத்துக் குடும்பங்களில் சாட்சியைக் கெடுப்பதற்கு அதைவிட வேறொன்று வேண்டாம். விட்டுக்கொடுப்பதே மேலானது என்ற என் எண்ணத்தில் மாற்றமில்லை. ஆனால் தெலுக் இந்தான் சகோதரி சொன்னபடி, இல்லாததை விட்டுக்கொடுக்க முடியாது. முதலில் பங்கு இன்னது என்று நிலைநாட்டப்படட்டும், பிறகு அதைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா, யாருக்குக் கொடுப்பது என்பதை அவர் சுயாதீனமாகத் தீர்மானிக்கட்டும். வற்புறுத்திப் பெறப்படுவதைக் கர்த்தரும் கொடை என்று ஏற்பதில்லை.

தெலுக் இந்தான் வாசகி எழுதியது:

இன்னொரு கோணத்தையும் பாருங்கள். வீடு முழுவதும் அண்ணன் ஒருவர் பெயருக்கு மாறிவிட்டால், நாளை அவர் அதை அடகு வைத்தாலும் விற்றாலும் அம்மாவால் தடுக்க முடியாது. அண்ணன் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. வியாபாரம் நொடித்தாலோ, அவரே திடீரென்று இறந்தாலோ, நல்ல மகனுடைய வீட்டிலும் இது நடக்கும். எங்கள் ஊரில் ஒரு தாய் மகன் பெயரில் எழுதிக் கொடுத்த வீடு, அவன் இறந்த பிறகு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய், கடைசியில் ஏலத்தில் விற்கப்பட்டது. அந்தத் தாய் இப்போது மகளோடு இருக்கிறார். சகோதரியின் ஆறில் ஒரு பங்கு அம்மாவின் நான்கில் ஒரு பங்கோடு சேர்ந்தால், பன்னிரண்டில் ஐந்து அம்மா பெயரில் நிற்கும். அவருடைய சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்பது யாருக்கும் எளிதாக இருக்காது.

ஒரு அண்ணன் எழுதியது:

நான் இரண்டு காரியம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பங்கை அம்மாவுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், விசாரணை நாளில் அதிகாரி முன் முதன்முதலாகச் சொல்லாதீர்கள். முன்கூட்டியே அண்ணன் காதுக்குப் போகட்டும். அலுவலகத்தில் மற்றவர்கள் முன் அதைக் கேட்டால், தன்னை நம்பவில்லை என்று ஊரறிய அறிவித்ததாகவே அவர் எடுத்துக்கொள்வார். சபைக்கு ஒரு காசும் போகாது என்பதையும் உங்கள் வாயாலேயே, வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதைச் சொல்வது உங்களுக்கு அவமானமாக இருக்கலாம்; ஆனால் அதைக் கேட்காமல் அவருடைய சந்தேகம் தீராது.

அடுத்து, வருஷத் திதி வரும். படையலில் நீங்கள் கலந்துகொள்ள முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றைக்கு வருகிறவர்களுக்குச் சமைக்கவும் பரிமாறவும் ஆள் வேண்டும். என் தங்கை முதல் வருஷம் அடுப்படிக்கு வந்து நின்றாள். நான் அவளிடம் எதுவும் பேசவில்லை. ஆனால் யாரும் அவளை வெளியே போகச் சொல்ல நான் விடவும் இல்லை.

தோட்டத்து மகள் எழுதியது:

இங்கே எழுதப்பட்டவற்றை அச்சிட்டு என் கணவரோடு உட்கார்ந்து படித்தேன். நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் அதைக் கிழிக்காமல், என் கையால் எழுதிய ஒரு கடிதத்தோடு தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மதம் மாறியதால் எனக்கு உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது என்றும், விசாரணையில் என் பங்கு முழுவதையும் அம்மா பெயருக்கு விட்டுக்கொடுக்கப்போகிறேன் என்றும், அதில் ஒரு காசுகூடச் சபைக்குப் போகாது என்றும் கடிதத்தில் எழுதினேன். மருத்துவத்துக்கும் சடங்குக்கும் அண்ணன் செய்த செலவை முதலில் கழிக்கவேண்டும் என்றும், அப்பாயியின் பெயரைச் சேர்க்காமல் விண்ணப்பம் போடக் கூடாது என்றும் எழுதினேன். திதி அன்று சமையலுக்கு வர அனுமதி கேட்டிருக்கிறேன்.

அண்ணனிடமிருந்து பதில் இல்லை. அம்மா மட்டும் தொலைபேசியில் அழைத்து, "உன் பங்கு எனக்கு எதற்கடி" என்று கோபித்துக்கொண்டார். பிறகு, அப்பாயிக்குப் பங்கு உண்டு என்பது மெய்தானா என்று கேட்டார். சித்தப்பா வீட்டுக்குப் போய் அப்பாயியைப் பார்த்தேன். சொத்தைப் பற்றி அவருக்கு எதுவும் விளங்கவில்லை, கேட்கவும் விருப்பமில்லை. மகன் கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று மட்டும் என்னிடம் கேட்டார். இரசம் சாதம் என்று சொன்னேன்.

இப்போது என் ஜெபம் எளிதாகிவிட்டது. அண்ணன் என்னோடு பேசவேண்டும் என்று கேட்கிறேன். வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை, ஏனென்றால் அதில் நான் செய்யவேண்டியதை அறிந்துகொண்டேன். கிராணி ஐயா, விசாரணைக்கு நான் என்னென்ன கொண்டுபோகவேண்டும்? சபைப் பதிவேட்டில் என் ஞானஸ்நானப் பெயர் வேறாக இருக்கிறது. அதனால் தடை வருமா?

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

தடை எதுவும் வராது. அரசாங்கத்துக்குத் தெரிவது அடையாள அட்டையிலும் பிறப்புப் பத்திரத்திலும் இருக்கும் பெயர் மட்டுமே. அவற்றில் உங்கள் அப்பாவின் பெயர் இருக்கும்; நீங்கள் அவருடைய மகள் என்பதற்கு அதுவே சான்று. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், அப்பாவின் மரணப் பத்திரம், வீட்டு கிராண்ட்டின் நகல் ஆகியவற்றை மூலத்தோடும் நகலோடும் எடுத்துச் செல்லுங்கள். அம்மாவின் திருமணப் பத்திரமும் வேண்டும்; தோட்டத்தில் கோவில் கல்யாணம் மட்டும் செய்து, பிறகு பதியாமல் விட்டிருந்தால் அதை இப்போதே சொல்லுங்கள், அதற்குச் சத்தியப் பிரமாணம் தயார் செய்யவேண்டியிருக்கும். அப்பாயியால் பயணம் செய்ய முடியாவிட்டால், வர இயலாத வாரிசு ஒப்புதல் கொடுப்பதற்குத் தனிப் பாரம் உண்டு. சித்தப்பாவிடம் அதை விளக்கிச் சொல்ல என் உதவி தேவைப்பட்டால் எழுதுங்கள். விண்ணப்பத்தை அண்ணனே போடட்டும், அது அவருக்கு மரியாதை. அவர் வெகு காலம் தாமதித்தால் நீங்களோ அம்மாவோ போடலாம்.

தோட்டத்து மகள் எழுதியது:

அம்மா அப்பா திருமணம் பதியப்பட்டிருக்கிறது. பத்திரம் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருப்பதாகத் தம்பி சொல்கிறான். அதை நகல் எடுப்பதற்காகச் சனிக்கிழமை வீட்டுக்குப் போகிறேன். அண்ணனுக்கும் நான் வருவதைத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறேன்.